மருந்தோடு செல்லவேண்டிய சொற்கள்

மருந்தொன்றின் நன்மை அதன் இரசாயனத்தில் மட்டும் அடங்கியிருப்பதன்று. உண்பவர் அதனைப்பற்றி எவ்வளவு தெளிவாக அறிந்திருக்கிறார் என்பதிலும் அடங்கியுள்ளது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் இவ்வாறு கூறுவது தன் தொழிலையே புகழ்வதாகத் தோன்றலாம். ஆயினும், மல்ட்டிபிள் மைலோமா என்னும் நோய்க்கு இன்று வழங்கப்பெறும் லெனலிடோமைடு என்ற மருந்தின் வரலாற்றை அறிந்தோர் இக்கூற்றை மறுக்கமாட்டார்கள்.

மைலோமா எலும்பு மஜ்ஜையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய். நோயை எதிர்க்கும் பொருள்களை உண்டாக்கவேண்டிய பிளாஸ்மா அணுக்கள் கட்டின்றிப் பெருகி எலும்பை அரிக்கின்றன, இரத்தசோகையை உண்டாக்குகின்றன, சிறுநீரகத்தையும் கெடுக்கின்றன. இதற்குரிய லெனலிடோமைடு, தாலிடோமைடு என்ற பழைய மருந்தின் வழிவந்தது. தாலிடோமைடு 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தூக்கமருந்தாக விற்பனைக்கு வந்து, 1961 நவம்பரில் அங்கு நிறுத்தப்பெற்றது. கர்ப்பிணிகள் அதனை உண்டதன் விளைவாக, பல நாடுகளில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைந்தும் வேறு ஊனங்களுடனும் பிறந்தன. பின்னர் தொழுநோயில் தோன்றும் ஒருவகைக் கடும் வீக்கத்திற்கும், 1999-ல் வெளியான ஆராய்ச்சியின் வாயிலாக மைலோமாவுக்கும் அம்மருந்து பயன்படும் எனத் தெரியவந்தது. ஒதுக்கப்பெற்ற மருந்து மீண்டும் வந்தது. அதன் அபாயமோ மாறவில்லை.

எச்சரிக்கைக்குப் படமொன்றே போதும் என்பர் சிலர். பிரேசில் நாட்டில் தொழுநோயாளருக்கு வழங்கிய தாலிடோமைடு உறையின்மீது, கர்ப்பிணியின் உருவத்தைக் குறுக்குக்கோட்டால் அடித்த படம் இருந்தது. கர்ப்பிணிகள் உண்ணலாகாது என்பது அதன் கருத்து. கருத்தரிக்காமல் தடுக்கும் மருந்து என்றே சிலர் அதற்குப் பொருள் கொண்டனர். இத்தகைய மயக்கத்தாலும், மருந்தைப் பிறரோடு பகிர்ந்துகொண்டதாலும் அந்நாட்டில் மீண்டும் ஊனமுற்ற குழந்தைகள் பிறந்தன.

தலைநகரில் யான் வசிக்கும் குடியிருப்பிலும் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. அண்டைவீட்டுப் பெரியவர் லெனலிடோமைடு உண்டு வந்தார். விழுங்குவது கடினமாயிருந்தமையால், அவருடைய மருமகள் நாள்தோறும் காப்ஸ்யூலைப் பிரித்துத் தூளைத் தேனில் குழைத்துக் கொடுத்தாள். அவளுக்கு மணமாகி ஓராண்டே ஆகியிருந்தது. காப்ஸ்யூலைத் திறக்கலாகாது என்றும், கருத்தரிக்கக்கூடிய பெண்கள் அத்தூளைத் தொடலாகாது என்றும் பெட்டியிலிருந்த தாளில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. அஃது ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டில் ஒருவரும் படிக்கவில்லை. யான் படித்துச் சொன்ன அன்றே மருத்துவரிடம் சென்றனர். அவள் கருவுற்றிருக்கவில்லை என்று பரிசோதனையில் தெரிந்தபின்னரே அவ்வீட்டார் உணவருந்தினர். இதனை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமன்று. அன்போடு செய்த பணிவிடை அது; அவர்களுக்குக் கிடைக்காமற்போனவை சில வாக்கியங்களே.

முழுவதையும் சொன்னால் நோயாளி அஞ்சி மருந்தை விட்டுவிடுவார் என்ற வாதமும் உண்டு. அச்சம் பெரும்பாலும் பாதி சொன்னதனால் விளைவதாகும். செய்யவேண்டியது யாதெனச் சேர்த்துச் சொன்னால் துணிவு பிறக்கும்.

அவ்வாறு சொல்லவேண்டியவை மிகப்பல அல்ல. லெனலிடோமைடைப் பொதுவாக 21 நாள் உண்டு 7 நாள் நிறுத்தவேண்டும்; அவ்வேழு நாளும் சிகிச்சையின் பகுதியே. மருத்துவர் குறித்த முறையை நோயாளி தானாக மாற்றலாகாது. உடன் தரும் டெக்ஸாமெதசோன் பெரும்பாலும் வாரம் ஒருமுறைக்குரியது. நாள்தோறும் உண்டால் பெருந்தீங்கு விளையும். லெனலிடோமைடு ஒருவேளை தவறி 12 மணி நேரம் கடந்துவிட்டால் அதனை விட்டுவிடவேண்டும். மறுநாள் இரட்டிப்பாக உண்ணலாகாது. காய்ச்சல், ஒரு காலில் வீக்கம், மார்புவலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். இம்மருந்து வெள்ளணுக்களைக் குறைக்கவும் இரத்தம் உறையவும் காரணமாகலாம். எலும்புவலிக்கெனக் கடையில் வலிமாத்திரை வாங்கி உண்பது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆண் நோயாளரும் மருந்துண்ணும் காலத்திலும் அதன்பின் நான்கு வாரமும் ஆணுறை அணியவேண்டும். இரத்ததானம் எவரும் அக்காலத்தில் செய்யலாகாது. மிஞ்சிய மருந்தைப் பிறருக்குக் கொடாமல் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும்.

மொழிபெயர்ப்போரும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். கருத்தரிக்கும் நிலையிலுள்ள மகளிர் என்றெழுதினால், ஏற்கெனவே கருவுற்றோர் எனப் படிப்போர் உளர். மாதவிடாய் முற்றும் நின்றுவிடாத பெண்கள் யாவரும் என்றெழுதினால் ஐயமின்றி விளங்கும்.

இத்தகைய தாள் நோயாளியின் மொழியிலேயே ஒவ்வொரு பெட்டியிலும் இருத்தல் வேண்டுமென்பது என் கருத்து. அது வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. களப்பணியாளர் ஒரு வீட்டுக்குச் செல்லும்போது அத்தாளை எடுத்துவரச் சொல்லிப் படித்துக்காட்டலாம். கிராமத்து ஆசிரியரும் இதனைச் செய்யலாம். படித்தபின், விளங்கிற்றா என்று வினவுதல் போதாது; விளங்காதோரும் ஆம் என்றே தலையசைப்பர். நாளை என்ன செய்வீர்கள் என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்லக் கேட்கவேண்டும். வீட்டில் மருந்தெடுத்துக் கொடுப்பவரும் அப்போது அருகில் இருத்தல் அவசியம்.