மருந்துக் கணக்கைத் திறந்து காட்டுங்கள்

பல்லடத்தைத் தாண்டித் திருச்சி சாலையில் காங்கயம் நோக்கிப் போகிறவர்களுக்குப் பொங்கலூர்ப் பக்கத்துப் பிழைப்பு என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஒருபுறம் விசைத்தறிச் சத்தம், நூல்மில். மறுபுறம் தென்னந்தோப்புக்கும் சின்ன வெங்காயக் காட்டுக்கும் நடுவே நீளநீளமாகக் கறிக்கோழிக் கொட்டகைகள். இவற்றுக்கும் மருத்துவமனையின் தீக்காய வார்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கொலிஸ்டின் என்ற மருந்துதான் சம்பந்தம்.

திருப்பூர் வட்டாரத்தில் உடம்பு வேக வழிகள் அதிகம். சாயப்பட்டறையில் பாய்லர் நீராவி பீய்ச்சியடிக்கிறது, கொதிநீர் சரிகிறது. மில்லில் ஒரு பொறி பட்டால் பஞ்சு நிமிடத்தில் பற்றுகிறது. தொழிலாளர் குடியிருப்பில் பத்துக்குப் பத்து அறைக்குள்ளேயே கேஸ் அடுப்பும் பாயும் இருக்கின்றன. நாடு முழுக்க ஆண்டுக்குச் சுமார் 70 லட்சம் பேர் தீக்காயம் அடைகிறார்கள், 1.4 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்பது மத்திய சுகாதாரத் துறை நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. ஆனால் இவர்களில் எத்தனை பேரைத் தீ கொன்றது, எத்தனை பேரைக் கிருமி கொன்றது என்று அந்தக் கணக்கு பிரித்துச் சொல்வதில்லை.

முதல் இரண்டு மூன்று நாட்களில் உடம்பிலிருந்து நீர் வற்றிப்போவதுதான் பெரிய ஆபத்து. குளுக்கோஸ், சலைன் ஏற்றி அதைத் தாண்டிவிடலாம். அதற்குப் பிறகு உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தொற்றுதான். தோல் என்ற வேலி போய்விட்டது. கருகிய தோலில் ரத்த ஓட்டம் கிடையாது என்பதால், நரம்பில் ஏற்றும் ஆன்டிபயாடிக் அந்த இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்வதும் இல்லை. ஈரமும் சூடும் புரதமும் நிறைந்த அந்தப் புண்ணில் முதலில் ஸ்டஃபைலோகாக்கஸ் குடியேறும். ஒரு வாரம் போனால் வார்டிலேயே நிரந்தரமாகத் தங்கியிருக்கும் சூடோமோனாஸ், அசினெட்டோபேக்டர், கிளெப்சியெல்லா வந்து சேரும். கட்டுப் பிரிக்கும்போது காஸ் துணியில் பச்சை படிந்து ஒருவித இனிப்பு வாடை அடித்தால், ஆய்வக முடிவு வருமுன்பே அனுபவப்பட்ட செவிலியருக்கு அது சூடோமோனாஸ் என்று தெரிந்துவிடும்.

கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். ஒரே ஒரு தாள். இடப்பக்கம் வரிசையாக மருந்துப் பெயர்கள், வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேராக ஓர் ஆங்கில எழுத்து. ‘எஸ்’ என்றால் கிருமி மருந்துக்குக் கட்டுப்படும், ‘ஆர்’ என்றால் கட்டுப்படாது. மேலிருந்து கீழ்வரை ‘ஆர்’, ‘ஆர்’ என்றே இறங்கிவந்து, மெரோபெனமுக்கும் ‘ஆர்’ போட்டு, கடைசி வரியில் கொலிஸ்டின் மட்டும் மிஞ்சுவது இன்றைக்கு அபூர்வமான காட்சி அல்ல. மெரோபெனம் சேர்ந்த கார்பபெனம் வகை மருந்துகளுக்கு அடங்காத அசினெட்டோபேக்டர், சூடோமோனாஸ் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மிக ஆபத்தான கிருமிகளின் பட்டியலில் முதல் வரிசையில் வைத்தது.

கொலிஸ்டின் புது மருந்தல்ல. 1940-களின் கடைசியில் ஜப்பானில் கண்டெடுத்தது. சிறுநீரகத்தைப் பதம் பார்க்கிறது என்று 1970-களில் மருத்துவர்கள் ஒதுக்கிவைத்தார்கள். வேறு எதுவும் கேட்காத நிலை வந்ததால் மீண்டும் எடுத்தார்கள். இப்படி மனிதனுக்கு வேறு வழியில்லாமல் போகும்போது கொடுக்கிற மருந்தைத்தான், கோழி சீக்கிரம் எடை போடட்டும் என்று இந்தியா முழுவதும் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். கொலிஸ்டினை முறியடிக்கும் மரபணு ஒன்று பன்றிகளிடமிருந்தும் இறைச்சியிலிருந்தும் எடுத்த கிருமிகளில் இருப்பதைச் சீன ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டார்கள். ஒரு வகைக் கிருமியிடமிருந்து இன்னொரு வகைக் கிருமிக்குத் தாவக்கூடிய மரபணு அது. கால்நடை, கோழி, மீன் வளர்ப்புக்கும் தீவனத்துக்கும் கொலிஸ்டின் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது. நல்ல தடை. ஆனால் தடை காகிதத்தில் இருக்கிறது, மூட்டையைப் பிரித்துப் பார்ப்பது யார்?

நாங்கள் பழி சொல்வது பண்ணை வைத்திருக்கும் விவசாயியை அல்ல. பொங்கலூர், பல்லடம் பகுதியின் ஒப்பந்த முறையை அறிந்தவர்களுக்கு இது புரியும். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனம் தருகிறது. கொட்டகையும் மின்சாரமும் உழைப்பும் விவசாயியுடையது. அவருக்குக் கிடைப்பது கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்ற வளர்ப்புக் கூலி. அந்தக் கூலியை உயர்த்தவே அவர் அடிக்கடி தெருவுக்கு வர வேண்டியிருக்கிறது. தீவனத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் என்ன கலந்தது என்பது அவருக்கே தெரியாவிட்டால், கோழி எரு வாங்கி வெங்காயக் காட்டில் கொட்டுகிறவருக்கு எங்கே தெரியப்போகிறது?

அதற்காகத் தீக்காய வார்டில் சாகிறவரின் சாவுக்குக் கோழிப்பண்ணையே காரணம் என்று நேர்கோடு போட முடியாது, போடவும் கூடாது. முதல் பொறுப்பு மருத்துவமனையுடையதுதான். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குக் கிருமியைக் கொண்டுபோவது கழுவாத கை, துடைக்காத மேசை, எல்லாருக்கும் பொதுவான டிரஸ்ஸிங் டிராலி. கருகிய தோலைச் சில நாட்களுக்குள் வெட்டியெடுத்து ஒட்டுத்தோல் வைத்தால் தொற்று வெகுவாகக் குறையும் என்பது நிரூபணமான விஷயம். அதற்கு அறுவை அரங்கு வேண்டும், பிளாஸ்டிக் சர்ஜன் வேண்டும், தோல் வங்கி வேண்டும். இவை இல்லாத இடத்தில் அந்தக் குறையை ஈடுகட்ட, தொற்று வருமுன்பே ஊசிமேல் ஊசியாக ஆன்டிபயாடிக் போடுகிறார்கள். அது காப்பதில்லை. வலுவான கிருமியை வடிகட்டி வளர்த்துத்தான் தருகிறது. சீட்டு இல்லாமல் மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்தனுப்பும் மருந்துக் கடைக்கும் இதில் பங்குண்டு. முக்கியமான ஆன்டிபயாடிக்குகளைப் பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும் என்ற எச்1 அட்டவணை 2014 மார்ச் முதல் சட்டம். எத்தனை கடைகளில் அந்தப் பதிவேட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?

இதில் தமிழகத்துக்கு ஒரு தனிக் கடமை இருக்கிறது. என்.டி.எம்.-1 (‘என்.டி.’ என்பது நியூ டெல்லி) என்ற எதிர்ப்பு மரபணு இந்தியாவில் பரவியிருப்பதை 2010-இல் உலகுக்குச் சொன்ன ஆய்வில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியர். அந்த ஆய்வில் இந்த மரபணு இருந்த மாதிரிகளில் 44 சென்னையில் கிடைத்தவை. அப்போது டெல்லியின் கோபமெல்லாம் மரபணுவுக்குத் தன் ஊர்ப் பெயர் வைத்ததன்மேல்தான் இருந்தது. இரண்டாண்டு கழித்து மருத்துவ அமைப்புகள் கூடி ‘சென்னைப் பிரகடனம்’ எழுதின. வழிகாட்டிய ஊர் நம்முடையது. நடைமுறையில் முந்தியது கேரளம். 2018-இல் மாநிலச் செயல்திட்டம் வகுத்து, எந்தக் கிருமி எந்த மருந்துக்கு மசிகிறது என்ற அறிக்கையையும் பொதுவெளியில் வைக்கத் தொடங்கியது.

தமிழக அரசிடம் நாங்கள் கேட்பது இரண்டே கணக்குகளை. ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் தன் தீக்காய நோயாளிகளிடம் கண்ட கிருமிகள், அவற்றுக்குப் பலித்த மருந்துகள், பலிக்காத மருந்துகள் ஆகியவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். மானம் போய்விடும் என்று தயங்கத் தேவையில்லை. தன் வார்டில் என்ன கிருமி உலவுகிறது என்று தெரிந்த மருத்துவர்தான் ரிப்போர்ட் வருவதற்குள் முதல் ஊசியைச் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும். 2022-இல் திறந்த திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி இதைத் தொடங்கிவைக்கட்டும். வெந்த உடம்போடு கோவை வரை ஆம்புலன்ஸில் போகிற தொழிலாளிக்கு, உள்ளூரிலேயே தனி அறையும் அறுவை வசதியும் இரவிலும் இயங்கும் நுண்ணுயிர் ஆய்வகமும் கொண்ட தீக்காயப் பிரிவு வேண்டும். அன்னியச் செலாவணி ஈட்டித் தரும் ஊர் கேட்கக்கூடாத வசதியா இது?

இன்னொரு கணக்கு கறிக்கோழி நிறுவனங்களுடையது. தீவன மூட்டையிலும் மருந்து டப்பாவிலும் உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கின் பெயரும் அளவும் தமிழில் அச்சாக வேண்டும். கொட்டகை வாரியாக என்ன கொடுத்தார்கள் என்ற பதிவின் நகல் விவசாயி கையில் இருக்க வேண்டும். கால்நடைத் துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும் முன்னறிவிப்பின்றி மாதிரி எடுத்து முடிவை வெளியிட வேண்டும்.

புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. திருப்பூரில் மாதந்தோறும் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குக் கறிக்கோழி நிறுவனப் பிரதிநிதிகளையும் மருத்துவக் கல்லூரி முதல்வரையும் ஆட்சியர் அழைக்கட்டும். பொங்கலூர் விவசாயிகளும் தாங்கள் வாங்கிய தீவன மூட்டையில் ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், இதில் என்ன இருக்கிறது என்று அங்கே கேளுங்கள்.