எழுத்தையும் மணவறைக்குக் கொண்டுவாருங்கள்

யாழ்ப்பாணத்திலும் தீவகத்திலும் வன்னியிலும் இருக்கும் அம்மா அப்பாமாரே, மாமன் மாமிமாரே,

மெல்பேர்ணிலோ சிட்னியிலோ இருக்கும் உங்கள் பிள்ளை கலியாணப் பேச்சை எடுத்தால் இரண்டு திகதிகள் அடிபடும். ஒன்று எழுத்து, அதாவது சட்டப்படியான விவாகப் பதிவு, மற்றது தாலிகட்டு. எழுத்துக்கு ‘செலிப்ரன்ட்’ என்று ஒருவர் வருவார், இரண்டு சிநேகிதர் கையெழுத்து வைப்பார்கள், அரை மணித்தியாலத்தில் அலுவல் முடிந்துவிடும், அதற்காக நீங்கள் மினக்கெட்டு வரவேண்டாம் என்று பிள்ளை சொல்லும். நீங்களும் அது சும்மா பேப்பர் வேலைதானே என்று விட்டுவிடுகிறீர்கள். அப்படி விடவேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். அந்த அரை மணித்தியாலம்தான் சட்டத்தின் கண்ணில் முழுக் கலியாணமும். அதை ஒளித்துச் செய்யாமல், தாலி கட்டும் அதே மண்டபத்தில், அதே நாளில், உங்கள் எல்லோர் முன்னிலையிலும் செய்விக்க வேண்டும் என்பது என் வாதம்.

செலிப்ரன்ட் என்பவர் கந்தோர் எழுதுவினைஞர் அல்லர், சட்டப்படி மணம் முடித்துவைக்க அதிகாரம் பெற்றவர். 1973 வரை அவுஸ்திரேலியாவில் கலியாணம் கட்ட இரண்டே வழிகள் இருந்தன: ஒன்றில் மதகுரு, இல்லையேல் அரசாங்கப் பதிவுக் கந்தோர். கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போகாதவர்களின் கலியாணமும் மரியாதையோடு, அவர்கள் விரும்பிய இடத்தில், விரும்பிய சொற்களில் நடக்கவேண்டும் என்று அன்றைய சட்டமா அதிபர் லயனல் மர்பி கருதினார். அந்த ஆண்டு ஜூலையில் மதகுரு அல்லாத ஒருவரை முதன்முதலாக இந்தப் பணிக்கு நியமித்தார். இன்று இங்கே நடக்கும் பத்துக் கலியாணங்களில் ஏறத்தாழ எட்டு மதகுரு இல்லாமலே நடக்கின்றன. அப்படியான கலியாணத்தில் சொல்லப்படும் எல்லாவற்றையும் மணமக்களே தெரிந்தெடுக்கலாம், இரண்டு பகுதிகளைத் தவிர. திருமணம் என்பது வேறெவருக்கும் இடமில்லாமல் இருவர் தாமே மனமுவந்து ஆயுள் முழுவதற்கும் ஏற்கும் பந்தம் என்று செலிப்ரன்ட் வாய்விட்டுச் சொல்லவேண்டும். பிறகு மணமக்கள் ஒவ்வொருவரும், இங்கே கூடியிருப்பவர்களைச் சாட்சிக்கு அழைத்து, இன்னாரை என் துணையாக ஏற்கிறேன் என்று சொல்லவேண்டும். கையெழுத்து அதற்குப் பிறகுதான் வருகிறது. கலியாணம் நிறைவேறுவது அந்தச் சொல் வாயிலிருந்து வெளிப்படும் கணத்தில். அவுஸ்திரேலியாவின் 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் கூடியிருப்பவர்களைச் சாட்சிக்கு அழைக்கச் சொல்லும்போது, அங்கே கூடியிருக்க வேண்டியவர்கள் யார்? பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களும் இல்லாத வெறும் விறாந்தையைச் சாட்சிக்கு அழைப்பது அந்தச் சொல்லுக்கே செய்யும் அவமரியாதை.

இது வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு ஒத்துவராது என்பீர்கள். நம் ஊர் எழுத்தும் இதே அத்திவாரத்தில்தான் நிற்கிறது. 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி பதிவாளர் மணமக்களைப் பார்த்துச் சொல்லவேண்டிய விஷயமே அதுதான்: என் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக் கையொப்பமிட்டால், வேறெந்தச் சடங்கும் நடக்காவிட்டாலும் நீங்கள் சட்டப்படி கணவன் மனைவி. தமிழ்நாட்டில் அண்ணாதுரை ஆட்சியில் 1967இல் இந்துத் திருமணச் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தமும், உற்றார் நண்பர் முன்னிலையில் தமக்கு விளங்கும் மொழியில் இருவரும் ஏற்றுக்கொண்டால் போதும் என்கிறது. சொல்லால் கட்டும் கலியாணம் தமிழருக்குப் புதிதல்ல. நாம்தான் அதை நிச்சயதார்த்தம் மாதிரி நடத்திப் பழகிவிட்டோம்.

அந்தப் பழக்கத்துக்கு விலை கொடுப்பவர்கள் பிள்ளைகள். எழுத்து முடிந்து தாலிகட்டுக்கு எட்டு மாதமோ ஒரு வருடமோ காத்திருக்கும் இடைவெளியில் மனம் முறிந்தால், குடும்பங்கள் ‘இன்னும் தாலி ஏறவில்லையே, சம்பந்தம் குழம்பிப்போச்சு’ என்று பேசி முடித்துவிடுகின்றன. சட்டத்துக்கு அது குழம்பிய சம்பந்தம் அல்ல, விவாகரத்து. இங்கே 12 மாதங்கள் பிரிந்திருந்ததைக் காட்டவேண்டும். இலங்கையில் எழுதியதை இலங்கை நீதிமன்றத்தில் அவிழ்க்கப் போனால் பிறர்மனை உறவு, கெட்ட நோக்கத்தோடு கைவிட்டுப் போனது, மணத்தின்போதே இருந்த உடலுறவுக்கு இயலாமை என்ற மூன்றில் ஒன்றை நிரூபிக்கவேண்டும். ஒரு நாளும் ஒன்றாகக் குடியிருக்காத இரண்டு பிள்ளைகள் ஒருவரையொருவர் குற்றவாளியாக்கினால்தான் விடுதலை. இன்னொன்று. ஊரில் எழுத்து முடித்தவர்களை இங்கே செலிப்ரன்ட் மறுபடி சட்டப்படி மணம் முடித்துவைக்க முடியாது. ஊர் எழுத்தை இந்த நாடு ஏற்கெனவே கலியாணமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. சமயச் சடங்கை மட்டும் நடத்தலாம். அதற்கும் முந்திய சான்றிதழை நடத்துபவரிடம் காட்டி, தாங்கள் மணமானவர்கள்தான் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கவேண்டும்.

தாரை வார்த்துக் கொடுக்கும் கலியாணத்தில் பெண் எழும்பி நின்று நான் ஏற்கிறேன் என்று சொல்வது முறையா என்று ஆசாரமானவர்கள் கேட்பது எனக்கு விளங்குகிறது. தாரை வார்க்கும்போது இரு பக்கத்திலும் மூன்று தலைமுறைப் பெயர்களை ஐயர் சொல்கிறார். அதன் பொருள் பெரியது, இரண்டு குலங்கள் ஒன்றையொன்று ஏற்கின்றன. ஆனால் அந்த மந்திரத்தில் பெண்ணின் குரல் கேட்பதில்லை, மாப்பிள்ளை சொல்வதும் அவருக்கே விளங்காத மொழியில். குலங்கள் பேசியபிறகு இருவரும் ஒருமுறை பேசினால் தாரை வார்த்தது செல்லாமல் போய்விடாது. இதைவிடக் கடினமான ஆட்சேபம் வேறொன்று. 2024 ஜூன் முதல், மணத்துக்கு முன் செலிப்ரன்ட் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியாக நேரில் சந்தித்து, விருப்பத்தோடுதான் கட்டுகிறார்களா என்று உறுதிசெய்யவேண்டும். எங்கள் பிள்ளையை நாங்கள் வற்புறுத்துகிறோம் என்றா நினைக்கிறார்கள் என்று கோபிக்கவேண்டாம். கட்டாயக் கலியாணம் இங்கே 2013 முதல் குற்றம், இந்தச் சந்திப்பும் எந்த இனத்தவர் என்று பாராமல் எல்லோருக்கும் பொது. நிர்ப்பந்தத்தில் கட்டிய பிள்ளை எங்கள் சமூகத்தில் இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல எவராலும் முடியாது. ஐந்து நிமிடம் தனியே கேட்கும் அந்தக் கேள்வியை நாமே காலாகாலமாகக் கேட்டிருக்கவேண்டும்.

முகூர்த்தம் தவறிவிடுமே என்ற பயம் தேவையற்றது. தாலி ஏறி, அம்மி மிதித்து, அருந்ததி பார்த்து முடிந்ததும், சபையோர் அறுகரிசி போட எழும்புமுன் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். மேளத்தை நிறுத்தி ஒலிவாங்கியை மணமக்களிடம் கொடுங்கள். கூறைச்சேலையும் மாலையுமாகக் குனிந்து எழுதுவது பெண்ணுக்குக் கஷ்டம், ஆகவே உயரமான மேசையும் கதிரையும் வையுங்கள். கையெழுத்து ஒன்றல்ல, மூன்று பத்திரங்களில் வைக்கவேண்டும். மணவறைக்கருகே சப்பாத்துக் கழற்றவேண்டும் என்பதைச் செலிப்ரன்டுக்கும், இடையில் இப்படி ஒரு நிகழ்ச்சி இருக்கிறது என்பதை ஐயருக்கும் முதலே சொல்லிவையுங்கள். சில ஐயர்மாருக்கே சட்டப்படி மணம் முடித்துவைக்கும் அதிகாரம் உண்டு, கேட்டுப் பாருங்கள். மணமக்களில் ஒருவருக்கு ஆங்கிலம் போதாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை வைக்கச் சட்டம் இடம்கொடுக்கிறது. உண்மையில் கவனிக்கவேண்டியது, மணம் முடிக்கப்போகிறோம் என்று கொடுக்கும் அறிவித்தல் பத்திரம். அது குறைந்தது ஒரு மாதம் முன்னதாகச் செலிப்ரன்டின் கையில் இருக்கவேண்டும், கொடுத்து 18 மாதம் தாண்டினால் செல்லாது. ஒரு மாதத்தைக் குறைப்பதற்குத் தனி அதிகாரியிடம் விண்ணப்பித்து, சட்டம் சொல்லும் ஒருசில காரணங்களில் ஒன்றைக் காட்டவேண்டும். சமயக் காரணமும் அதில் ஒன்றுதான், என்றாலும் அதை நம்பி நாள் வைக்கவேண்டாம். தகப்பன் பெயர் முன்னால் வரும் நம் வழக்கத்தால் கடவுச்சீட்டில் ஒரு மாதிரியும் பிறப்புப் பத்திரத்தில் இன்னொரு மாதிரியும் பெயர் இருந்தால், ஐயரிடம் போகுமுன் அதைப் பாருங்கள்.

ஸ்பொன்சர் அலுவல் பாதியில் நிற்கும்போது எழுத்தைத் தள்ளிப்போட முடியுமா? பலருக்கு முடியாது. கணவன் அல்லது மனைவி என்ற நிலையில் வெளிநாட்டிலிருந்து விசா பெறச் சான்றிதழ் வேண்டும். அவர்களைக் குறைசொல்லமாட்டேன். ஆனால் மணம் முடிக்கப்போகிறவர்களுக்கென்றே தனி விசா ஒன்று இருக்கிறது, 300 என்று சொல்வார்கள். செலிப்ரன்ட் நாள் குறித்துக் கொடுக்கும் கடிதத்தோடு அதற்கு விண்ணப்பித்து, இங்கே வந்து தாலியையும் எழுத்தையும் ஒரே நாளில் முடிக்கலாம். செலவும் காத்திருப்பும் கூடும், ஒவ்வொரு குடும்பமும் தன் நிலையைப் பார்த்து முடிவெடுக்கட்டும். எழுத்தை முந்திச் செய்யத்தான் வேண்டுமென்றால், இன்றுதான் கலியாணம் என்று உறவினருக்குச் சொல்லிச் செய்யுங்கள்.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று. சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டும். 18 வயது வந்திருக்கவேண்டும், இந்த நாட்டுக் குடியுரிமை தேவையில்லை. போருக்குப் பிறகு எங்கள் ஊர்களில் கணவனை இழந்த தாய்மார் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். தனியாளாக வளர்த்து ஆளாக்கிய பிள்ளையின் கலியாணத்தில் அந்தத் தாய் பின்வரிசையில் ஒதுங்கி நிற்க, தாரை வார்க்கச் சித்தப்பாவும் சின்னம்மாவும் மணவறையில் இருக்கிறார்கள். அந்த வழக்கம் மாறவேண்டும் என்பது என் விருப்பம், அது மாறக் காலம் எடுக்கலாம். ஆனால் செலிப்ரன்டின் மேசையில் கணவன் இருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. பெண்ணின் தாயும் மாப்பிள்ளையின் தாயும் சபை நடுவே வந்து சாட்சியாகக் கையெழுத்து வைக்கலாம், திருமணப் பதிவில் அவர்களின் பெயர் இருக்கும். அதற்கு அம்மாமார் இங்கே வந்தாகவேண்டும். பிள்ளை எழுத்துப் பேச்சை எடுத்ததும் கடவுச்சீட்டையும் விசிட்டர் விசாவையும் பார்க்கத் தொடங்குங்கள். விசா கையில் வந்தபிறகே ஐயரிடம் நாள் கேட்கச் சொல்லுங்கள்.