கண்ணில் விழுந்த உமி சிறிதுதான், விளைவு சிறிதன்று

கண் நோய் என்றதும் முதுமை, பரம்பரை, சர்க்கரை நோய் ஆகியவற்றையே காரணங்களாக எண்ணுகிறோம். உழைக்கும் இடமும் பார்வையைப் பறிக்கக்கூடும் என்பதை மறந்துவிடுகிறோம். வயலிலும் களத்திலும் பாடுபடுவோரைத் தாக்கும் கருவிழிப்புண் அதற்குத் தக்க சான்று.

கதிரடிக்கும்போது தெறிக்கும் உமியோ, கரும்புத் தோகையோ கருவிழியைக் கீறினால், மண்ணிலும் பயிரிலும் வாழும் பூஞ்சைகள் அக்கீறல் வழியே உட்புகுகின்றன. 1990-களில் வெளியான ஆய்வொன்று, மதுரை மாவட்டத்தில் ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 113 பேருக்குக் கருவிழிப்புண் உண்டாவதாகக் கணக்கிட்டது. அமெரிக்காவின் ஒரு பகுதியில் கண்டறியப்பட்ட அளவைப்போல் இது சுமார் பத்து மடங்கு. இதனை விதி என்று சொல்வது பொருந்தாது. தொழில் தரும் காயம் என்றே சொல்ல வேண்டும்.

பூஞ்சைப் புண் பெரும்பாலும் மெல்லவே வளரும். முதல் நாள் உறுத்தல். பின்னர் சிவப்பு, நீர்வடிதல், வலி. அதன்பின் கருவிழியில் வெண்புள்ளி. இந்த இடைவெளியில்தான் தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு ஆகியவை கண்ணில் விடப்படுகின்றன. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து இன்னும் கொடியது. சிவப்பு தணிவதுபோல் தோன்றும். உள்ளே பூஞ்சையோ தடையின்றிப் பரவும்.

உரிய நேரத்தில் செயற்பட்டால் இத்துயரைத் தடுக்க இயலும். நேபாளத்தின் பக்தபூர் பகுதியில், பயிற்சி பெற்ற கிராமத் தொண்டர்கள் கருவிழி கீறப்பட்டோருக்கு மூன்று நாட்கள் நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பு இட்டனர். காயம்பட்ட 18 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கியோருள் ஒருவருக்கும் புண் வரவில்லை. 2001-இல் வெளியான இவ்வாய்வு உணர்த்துவது ஒன்றே: காலம்தான் முதல் மருந்து.

ஆயினும், நோயாளி தாமதித்தார் என்று அவரை மட்டும் கடிந்துகொள்வது நேர்மையாகாது. மருத்துவமனைக்குச் சென்றால் அன்றைய கூலி போய்விடும் என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. எனவே, வேலைக்கு அமர்த்துவோர் அரிவாளைப்போல் காப்புக் கண்ணாடியையும் வேலைக் கருவியாகக் கருதி வழங்க வேண்டும். காயம்பட்டவரைக் கூலியைப் பிடிக்காமல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். கண்ணில் பட்ட கீறலைக் கண்டறிந்து முதலுதவி அளிக்கும் வசதி ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருத்தல் வேண்டும்.

குடும்பத்தாருக்கும் பொறுப்பு உண்டு. அறுவடைக் காலத்தில் மாலையில் வீடு திரும்புவோரின் கண்களைக் கவனியுங்கள். உறுத்தலோ சிவப்போ இருந்தால் கசக்க விடாதீர்கள். தூய நீரால் கழுவி, தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஏற்கெனவே இட்ட மருந்து எதுவாயினும், அதன் புட்டியையும் தயங்காமல் கொண்டு வாருங்கள். அதைக் கண்டு எவரும் உங்களைப் பழிக்கலாகாது. சரியான சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க அது மருத்துவருக்கு உதவும்.