மஞ்சள் நோட்டீஸ் கொடுக்கும் முன்

தியாகதுருகம், கள்ளக்குறிச்சி பக்கம் கடன் முற்றிப்போன விவசாயிக்கு ஊரார் இரண்டு யோசனை சொல்வார்கள். 'பேசாமல் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடு' என்பது ஒன்று. 'கோர்ட் ஆள் வருவதற்குள் காட்டை மச்சான் பேருக்கு எழுதிவிடு' என்பது இன்னொன்று. நான் உழவியல் படித்தவன், வக்கீல் இல்லை. ஆனாலும் இந்த இரண்டு யோசனைகளையும் கேட்டு அடுத்த பட்டத்துக்கு விதைக்க வழியில்லாமல் நின்றவர்களைப் பார்த்திருப்பதால், பயிரைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் இதை எழுதுகிறேன்.

மஞ்சள் நோட்டீஸ், ஐ.பி. என்று நாம் சொல்வது 1920-ம் ஆண்டின் மாகாண திவால் சட்டத்தின் கீழ் போடும் மனு. சென்னை நகரத்துக்கு 1909-ம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. மனு போடக் கடன் குறைந்தது 500 ரூபாய் இருக்க வேண்டும் என்பதிலிருந்தே இது எந்தக் காலத்துச் சட்டம் என்று புரியும். 2016-ல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் அமலானது. சாதாரண விவசாயிக்கும் பெட்டிக்கடைக்காரருக்கும் இன்றும் 1920-தான்.

மனு போட்டால் கடன் காற்றில் போய்விடும் என்று நினைப்பது தவறு. திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்ததும் அவருடைய சொத்து நீதிமன்றத்தின் அல்லது ரிசீவரின் கைக்குப் போகிறது. விடுவிப்பு ஆணை வாங்கும் வரை புதிதாகக் கிடைக்கும் சொத்தும் அதில் சேரும். அடமானம் வாங்கியவரின் உரிமை அப்படியே இருக்கும். அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி விடுவிப்புக்குப் பிறகும் தீராது. ஜாமீன் கையெழுத்துப் போட்ட பக்கத்துக் காட்டுக்காரரும் தப்ப முடியாது. நம் ஊர்களில் நோட்டீஸ் கொடுத்தவரைவிட ஜாமீன் போட்டவர்தான் அதிகம் அழுகிறார்.

நிலத்தை மாற்றி எழுதும் யோசனை இதைவிட ஆபத்தானது. திவால் அறிவிப்புக்கு வழிவகுத்த மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் உரிய விலை வாங்காமல் எழுதிக் கொடுத்தது எதுவானாலும் நீதிமன்றம் ரத்து செய்யலாம். திவால் மனுவே இல்லாவிட்டாலும், கடன்காரரை ஏமாற்றச் செய்த கிரயத்தைச் சொத்து மாற்றச் சட்டத்தின் 53-வது பிரிவின் கீழ் உடைக்க வழி உண்டு. எழுதி வாங்கிய மச்சான் நிலத்தைத் திருப்பித் தர மறுத்தால் அது இன்னொரு வழக்கு.

ஒளித்து வைக்காமலே சட்டம் காப்பாற்றித் தரும் சொத்துகள் இருக்கின்றன. அவற்றைத்தான் பலரும் தெரிந்துகொள்ளவில்லை. 1908-ம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு, கடனுக்காக ஜப்தி செய்யக் கூடாதவற்றை அடுக்கிச் சொல்கிறது. உடுதுணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, மத வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத நகை ஆகியவை அதில் அடக்கம். விவசாயியாக இருந்தால் உழவுக் கருவிகளும், பிழைப்புக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதும் மாடுகளும் விதை தானியமும் உண்டு. அவர் குடியிருக்கும் வீடும் அதை ஒட்டிய, அனுபவிக்கத் தேவையான இடமும் உண்டு. அவர் பெயரில் எடுத்த ஆயுள் காப்பீட்டுப் பணமும் உண்டு. திவால் மனுவிலும் இவை ரிசீவரிடம் போகாது. 'இந்தச் சலுகையைக் கேட்க மாட்டேன்' என்று கடன் பத்திரத்தில் எழுதி வாங்கியிருந்தாலும் அந்த வாசகம் செல்லாது.

விவசாயி யார் என்பதையும் அந்தப் பிரிவே சொல்லியிருக்கிறது. சொந்த உழைப்பில், குடும்பத்தார் உழைப்பில், அல்லது கூலி கொடுத்து ஆள் வைத்துச் சாகுபடி செய்து, முக்கியமாக அந்த வருமானத்தில் வாழ்பவர். குத்தகைதாரரும் விவசாயத் தொழிலாளியும் இதில் வருவார்கள். நிலத்தை வாரத்துக்கு விட்டுவிட்டு டவுனில் இருப்பவர் வரமாட்டார்.

இதற்கு எல்லை உண்டு. புரோநோட்டுக் கடனுக்கு வீடு தப்பும். அதே வீட்டை அடமானம் வைத்திருந்தால் தப்பாது. கடனில் வாங்கி அந்தக் கடனுக்கே ஈடாக எழுதிய டிராக்டருக்கும் அதே கதிதான். விவசாய நிலம் இந்தப் பட்டியலிலேயே இல்லை. சிவில் தீர்ப்பாணை இருந்தால் அதை ஏலம் விடலாம். அமீனா வாசலில் நிற்கும்போது வாய்ச்சொல்லாகச் சொன்னாலும் பயனில்லை. நிறைவேற்று மனுவில் ஏலத்துக்கு முன்பே எழுத்தில் ஆட்சேபம் தாக்கல் செய்ய வேண்டும்.

வங்கிக் கடனுக்குத் தனிக் கணக்கு. நீதிமன்றம் போகாமலே வங்கி சொத்தைக் கைப்பற்ற வழி தரும் 2002-ம் ஆண்டு சர்ஃபேசி சட்டம், விவசாய நிலத்தின் மீதான அடமானத்துக்குப் பொருந்தாது. வழக்கு போட்டுத்தான் வங்கி அந்த நிலத்துக்கு வர முடியும். ஆனால் வருவாய்ப் பதிவில் விவசாய நிலம் என்று இருந்தால் மட்டும் போதாது, சாகுபடி நடந்ததை கடன் வாங்கியவர்தான் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லிவிட்டது. ஆகவே பட்டம் தோறும் அடங்கலில் பயிர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளில் செய்த கரும்புப் பதிவு, பயிர்க் காப்பீட்டு ரசீது, மரவள்ளி விற்ற எடைச்சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

உழவியல்காரனாக எனக்கு இந்த 60-வது பிரிவின் மேல் ஒரு வருத்தம் உண்டு. ஏரும் மாடும் நெல் விதையும் மட்டுமே விவசாயம் என்றிருந்த காலத்தில் எழுதியது அது. தியாகதுருகத்துக் காட்டில் இன்று விதை என்பது தானியமா? மரவள்ளிக்கு 90 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 5,000 குச்சி வேண்டும். கரும்புக்கு இருபருக் கரணையாக 30,000 வேண்டும். அந்தக் குச்சியும் கரணையும் வயலில் நிற்கும் பயிராகத்தான் இருக்கின்றன. பயிரை ஜப்தி செய்தால் அடுத்த பட்டத்தின் விதையும் சேர்ந்தே போகிறது. சொட்டுநீர்க் குழாயும் கிணற்று மோட்டாரும் உழவுக் கருவியா என்பது நீதிபதியின் பார்வையைப் பொறுத்தது. அவை இல்லாமல் மானாவாரிக்குத் திரும்புவதைத் தவிர வழியில்லை என்பதை யார் எடுத்துச் சொல்வது?

இதைச் சரிசெய்ய டெல்லி வரை போக வேண்டியதில்லை. அடுத்த அறுவடை வரை சாகுபடிக்கும் குடும்பத்துக்கும் தேவையான விளைபொருளின் பங்கை ஜப்தியிலிருந்து விலக்கி அரசிதழில் ஆணையிட, 61-வது பிரிவு மாநில அரசுக்கே அதிகாரம் தருகிறது. கரணையையும் மரவள்ளிக் குச்சியையும் பெயர் சொல்லி அதில் சேர்க்க வேண்டும்.

கம்பெனிகள் நொடித்தால் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்தோம். திரு ஆரூரான் சர்க்கரை ஆலை திவால் நடவடிக்கைக்குப் போனது. அதை வேறு நிறுவனம் வாங்கியது. கரும்புப் பாக்கியும், தங்கள் பெயரில் ஆலை வாங்கிய வங்கிக் கடனும் தீரவில்லை என்று திருமண்டங்குடியில் விவசாயிகள் 2022 நவம்பர் கடைசியில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். கரும்பு இறக்கிய 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி என்று 1966-ம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. அந்தப் பணம் நாளில் வந்திருந்தால் பாதிப் பேருக்குக் கடன் நோட்டீஸே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

வேளாண் உதவி அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாவுப்பூச்சிக்கு மருந்து சொல்லப் போகும் வீட்டில் கோர்ட் சம்மன் கிடந்தால், அதைப் பார்க்காத மாதிரி வந்துவிடாதீர்கள். நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்புங்கள். வக்கீலை அவர்களே இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். பெண்களுக்கும், கல்வராயன் மலைப் பழங்குடி விவசாயிகளுக்கும், பட்டியல் இனத்தவருக்கும் இதற்கு வருமான வரம்பு கிடையாது. போகும்போது சம்மன், கடன் பத்திர நகல், சிட்டா, கடைசி மூன்று வருட அடங்கல், ஆதார், வீட்டு வரி ரசீது ஆகியவற்றை எடுத்துப் போகச் சொல்லுங்கள். சம்மனில் போட்டிருக்கும் வாய்தா தேதிக்கு முன்பே போக வேண்டும்.