வண்டியில் சூடு ஏறுகிறதா? முதலில் ரேடியேட்டர் தண்ணீரைப் பாருங்கள்!

காய்கறி மூட்டைகளோடு வண்டலூர் வரை சிக்கலில்லாமல் வரும் வண்டி, பெருங்களத்தூர் நெரிசலைத் தாண்டித் தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் கொதிக்கிறது. ஆட்டோமேட்டிக் கியரும் மாறும்போது உதறுகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஏழு இருக்கை டீசல் வண்டிக்கு இப்படி ஒரு தொல்லை என்று படப்பைப் பகுதி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இன்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்களாம். அந்தச் செலவுக்கு முன்பு பார்க்க வேண்டியவை சில உண்டு.

எப்போது சூடாகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது ஃபேன்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். எனவே, நெரிசலில் மட்டும் சூடானால் ஃபேனைச் சந்தேகிக்க வேண்டும். பெரிய டீசல் வண்டிகள் பலவற்றில் பெல்ட்டில் சுற்றும் ஃபேனுக்கு விஸ்கஸ் கிளட்ச் இருக்கும். சூடான இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்த பிறகு ஃபேனைக் கையால் சுற்றினால் இறுக்கம் தெரிய வேண்டும். பம்பரம் போலச் சுழன்றால் அந்தக் கிளட்ச் போய்விட்டது என்று பொருள்.

திறந்த சாலையில், பாரத்தோடு மேடேறும்போது சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, கூலன்ட் குறைவு, வாட்டர் பம்ப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கிளம்பிய சில நிமிடங்களிலேயே முள் ஏறி, ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸ் மட்டும் குளிர்ந்தே இருந்தால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. வெளியே ஒழுகாமலே கூலன்ட் குறைந்து, புகை வெள்ளையாக வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். இன்ஜினைப் பிரிக்கும் பேச்சு அப்போதுதான் வர வேண்டும்.

பலரும் செய்யும் தவறு, போர் தண்ணீரை ஊற்றுவது. சொட்டுநீர்க் குழாயில் உப்பு படிந்து துளை அடைவதை விவசாயிகள் அறிவார்கள். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் அதேதான் நடக்கிறது. சொட்டுநீர்க் குழாயைப் போல இதற்கு ஆசிட் விடக் கூடாது, அலுமினியத்தை அரித்துவிடும். வண்டிக்குரிய கூலன்டையும் காய்ச்சி வடித்த நீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவதே பொதுவான முறை. கலந்தே விற்கும் கூலன்டில் தண்ணீர் சேர்க்க வேண்டாம். ரேடியேட்டருக்கும் அதன் முன்னாலுள்ள ஏ.சி. கண்டென்சருக்கும் நடுவே வைக்கோல் தூசும் பதரும் அடைந்திருந்தால், இன்ஜின் ஆறிய பின் மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். டிராக்டருக்கும் இதே கணக்குதான்.

கியருக்கு வருவோம். பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் ஆயிலும் ரேடியேட்டர் வழியாகவே குளிர்கிறது. ரேடியேட்டர் திணறினால் கியரும் சூடாகும். கியர் ஆயில் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். கறுத்துத் தீய்ந்த வாசனை அடித்தால் வெந்துவிட்டது. பால் கலந்தது போலத் தெரிந்தால் ரேடியேட்டருக்குள் உடைந்து கூலன்ட் கலந்திருக்கலாம். அதன்பின் வண்டியை ஓட்டவே கூடாது. மழை வெள்ளத்தில் இறங்கிய வண்டிகளிலும் ஆயில் இப்படி மாறும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தண்ணீரில் நின்ற வண்டியின் கியர், ஆக்சில் ஆயில்களைப் பார்க்காமல் ஓட்டக் கூடாது.

வழியில் முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுவதுமாகத் திறந்து ஓரம் கட்டுங்கள். வெப்பத்தில் ஒரு பகுதி உள்ளே வந்துவிடும். ஆவி பறந்தாலோ, முள் சிவப்பில் நின்றாலோ உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. பிரஷர் குக்கரைப் போல உள்ளே அழுத்தம் இருப்பதால், 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் தண்ணீர், மூடி திறந்த கணமே பொங்கி முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரமாவது பொறுத்து, மேல் ஹோஸ் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே திறக்கலாம். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்காமல், லாரியில் ஏற்றிக் கொண்டுபோவதே நல்லது.

படப்பை வாசகர் முதலில் கூலன்ட் அளவையும் ஃபேனையும் பார்க்கட்டும். அடுத்து ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, கியர் ஆயிலைச் சோதிக்கட்டும். அதுவரை பாதிச் சுமையோடு, நெரிசல் தொடங்கும் முன் விடியற்காலையிலேயே தாம்பரம் போய் வருவது நல்லது. இவை எல்லாம் சரியாக இருந்தும் முள் ஏறினால் மட்டுமே இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்க வேண்டும்.