விளக்கைக் கழற்றாதீர்கள்

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையன் ஒரு பழைய பிரீமியர் பத்மினி வாங்கியிருக்கிறான். அவன் அப்பா வயது இருக்கும் அந்த வண்டிக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு அதன் முன்னால் நிற்பான். போன வாரம் ஒரு ஆயில் பிரஷர் மீட்டரும் அதற்கான சென்சாரும் வாங்கி வந்தான். "தாத்தா, எஞ்சினில் இருக்கிற பழைய ஆயில் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்தத் துளையிலேயே இதை மாட்டிவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். சரிதானே?" என்று கேட்டான்.

சரியில்லை என்றேன். வாசலில் நின்றபடி முழுக்கச் சொல்ல முடியவில்லை. என்னைப் போலப் பழைய வண்டியை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்கள் இன்னும் சிலர் இருப்பீர்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மீட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். வண்டியோடு வருவது ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான். எண்ணெய் அழுத்தம் ஏறத்தாழ 5 பவுண்டுக்குக் கீழே இறங்கினால்தான் அந்தச் சுவிட்ச் விளக்கை எரியவைக்கும். என் வண்டி சூடான பிறகு சாலையில் 40, 45 பவுண்டு காட்டும். அது 30 ஆகி, 20 ஆகி, 10 ஆகும்வரை விளக்குக்கு ஒன்றும் தெரியாது. பணம் போன பிறகு வரும் தணிக்கைக் குறிப்பு மாதிரி. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இந்த விளக்குக்கு ‘வுவாயான்’ என்று பெயர். வருவதை முன்கூட்டிப் பார்த்துச் சொல்லும் குறிகாரரையும் அதே சொல்லால்தான் அழைப்பார்கள். இந்தக் குறிகாரர் வீடு பற்றிய பிறகு வாய் திறப்பவர்.

ஆகவேதான் 1994-ல் நானும் ஒரு மீட்டர் போட்டேன். எண்ணெயையே மெல்லிய குழாயில் டேஷ்போர்டு வரை கொண்டுவரும் பழைய வகை மீட்டர் உண்டு. குழாய் விட்டுப்போனால் கொதிக்கிற எண்ணெய் காலில் கொட்டும். அதற்குப் பயந்து, எஞ்சினில் சென்சாரைப் பொருத்தி அங்கிருந்து ஒயர் மட்டும் உள்ளே வரும் வகையை வாங்கினேன். மெக்கானிக் ஆயில் சுவிட்சைக் கழற்றி, லேத்தில் ஒரு பித்தளை அடாப்டர் கடைந்து, சென்சாரை எஞ்சின் பிளாக்கிலேயே நேராக முடுக்கிவிட்டார். "முள்ளே காட்டுது சார், விளக்கு எதுக்கு?" என்றார். அரைமணி வேலை. எனக்கும் பெருமையாக இருந்தது.

நாலு மாதம் கழித்து சிதம்பரத்தில் என் மாமியாருக்கு உடம்பு மோசமாகிவிட்டது என்று இரவு செய்தி வந்தது. நானும் மனைவியும் புதுச்சேரியிலிருந்து புறப்பட்டோம். மழை. கண் சாலையை விட்டு நகரவில்லை. கடலூரைத் தாண்டியதும் அடியில் டக் டக் என்று சத்தம் கேட்டது. அப்போதுதான் முள்ளைப் பார்த்தேன், பூஜ்யத்தில் கிடந்தது. ஓரம்கட்டுவதற்குள் எஞ்சின் பிடித்துக்கொண்டது. போனட்டைத் திறந்தால் உள்ளே முழுக்க எண்ணெய். அடாப்டர் மரை ஓரமாகவே முறிந்து, சென்சார் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது விடிந்துவிட்டது, அவர் போய்விட்டிருந்தார். என் மனைவி இந்த வண்டி விஷயத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கிராங்கும் பேரிங்கும் மாற்ற இரண்டு மாதச் சம்பளம் போனது எனக்கு இப்போது பெரிதாக நினைவில் இல்லை.

விளக்கு இருந்திருந்தால் அடாப்டர் முறிந்த நொடியே கண்ணெதிரே சிவப்பாக எரிந்திருக்கும், நானும் எஞ்சினை அணைத்திருப்பேன். எண்ணெய் ஊற்றி ஒரு அடைப்பு போட்டுக்கொண்டு போயிருக்கலாம். முள்ளை நாம் பார்த்தால்தான் உண்டு. விளக்கு நம்மைக் கூப்பிடும். இரண்டும் இரண்டு வேலை.

முறிந்ததற்குக் காரணம் கனம். ஆயில் சுவிட்ச் சுண்டுவிரல் கணு அளவு இருக்கும். சென்சார் தைல டப்பா அளவு. நாலு சிலிண்டர் எஞ்சினின் அதிர்வில் அதை ஒரு பித்தளைக் கழுத்தில் தொங்கவிட்டால் என்றாவது முறியும். இரண்டாம் முறை வேறொருவரிடம் செய்தேன். பிளாக்கிலிருந்து எண்ணெய் தாங்குகிற, கம்பிப் பின்னல் போட்ட சிறிய ஹோஸ் ஒன்று. அதன் மறுமுனையில், வண்டியின் பக்கத் தகட்டில் கிளாம்ப் வைத்து முடுக்கிய ஒரு டீ. டீயின் ஒரு வாயில் பழைய சுவிட்ச், இன்னொன்றில் சென்சார். ஹோஸின் ரப்பரில் மின்சாரம் போகாது. ஆகவே டீயிலிருந்து எர்த் ஒயர் ஒன்று தனியாகப் போட வேண்டும். ஒற்றை ஒயர் சென்சாருக்கு உடம்புதான் எர்த் என்பதால் மரையில் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. பிய்ந்த துணுக்கு எண்ணெய் வழியில் போனால் அது வேறு தொல்லை.

மரையையும் பார்த்து வாங்க வேண்டும். கடையில் எட்டில் ஒன்று என்று கேட்டால் பிரிட்டிஷ் மரையும் தருவார்கள், அமெரிக்க மரையும் தருவார்கள். முன்னதில் அங்குலத்துக்கு 28 சுற்று, பின்னதில் 27. இரண்டு சுற்று சமர்த்தாக ஏறும், அப்புறம் இறுகும். இறுகியதை ஸ்பானர் போட்டு நெருக்கினால் துளை கெட்டது.

மீட்டரும் சென்சாரும் ஒரே ஜோடியாக இருப்பது அதைவிட முக்கியம். 10 முதல் 180 ஓம் வரை ஏறும் சென்சார் உண்டு. 240-ல் தொடங்கி 33-க்கு இறங்குவதும் உண்டு. மாற்றிப் போட்டால் எஞ்சின் நிற்கும்போதே முள் உச்சியில் உட்கார்ந்துகொள்ளும்.

பையன் பொறுமையாகத்தான் கேட்டான். "ஹோஸ், டீ, எர்த் எல்லாம் போட்டால் மெக்கானிக் அரைநாள் கேட்பாரே தாத்தா" என்றான். கேட்கட்டும், கூலியில் பாதி நான் தருகிறேன் என்றேன். புதன்கிழமை லேத்துக்குப் போகிறோம். கழற்றிய சுவிட்சை அவனிடமிருந்து வாங்கி என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்.