நைஜீரிய அமைச்சரவையும் பூர்விகச் சான்றிதழும்

நைஜீரியக் கூட்டாட்சிக் குடியரசின் தலைவர் மாண்புமிகு போலா அகமது டினுபு அவர்களுக்கு,

நைஜீரியாவின் 1999ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 147(3) பிரிவு, 36 மாநிலங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் குறைந்தது ஓர் அமைச்சரேனும் இடம்பெற வேண்டும் என்றும், அவர் அம்மாநிலத்தின் பூர்விகக் குடியினராக இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. 1966ஆம் ஆண்டின் இரு இராணுவப் புரட்சிகளையும், 1967 முதல் 1970 வரை நீடித்த பயாஃப்ரா போரையும் கண்ட நாடு, ஓரினமோ ஒரு வட்டாரமோ ஆட்சியைத் தனதாக்கிக்கொள்ளலாகாது என்று அஞ்சி 1979ஆம் ஆண்டு அரசமைப்பிலேயே எழுதிவைத்த காப்பு இது. சிறு இனத்தவர்க்கும் தலைநகர் அபுஜாவில் இடமுண்டு என்னும் உறுதியை இது தந்திருப்பதால், இதை நீக்கக் கோருவது இம்மடலின் நோக்கமன்று.

இடர்ப்பாடு, பூர்விகம் என்பது அளக்கப்படும் முறையில் இருக்கிறது. பெற்றோரில் ஒருவரோ, பாட்டன் பாட்டிமாரில் ஒருவரோ அம்மாநிலத்தின் பூர்விகச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்று 318ஆம் பிரிவு வரையறுப்பதால், பிறந்த ஊரும் வாழ்ந்த ஆண்டுகளும் செலுத்திய வரியும் கணக்கில் வருவதில்லை. கானோ நகரில், ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் தெற்கிலிருந்து வந்தோருக்கென உருவான சபோன் கரி பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழும் இக்போ குடும்பத்தினர், இன்றளவும் கானோ மாநிலத்தவராகக் கருதப்படுவதில்லை. உள்ளாட்சி மன்றம் வழங்கும் பூர்விகச் சான்றிதழ் இல்லாதவருக்கு அரசு வேலையும் பல்கலைக்கழக இட ஒதுக்கீடும் எட்டாமற்போகின்றன. மணமான பெண்களின் நிலை இன்னும் கொடிது: 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாகப் பொறுப்பேற்க வந்த இஃபியோமா ஜோம்போ-ஓஃபோ, பிறந்தது அனம்ப்ரா, கணவரின் மாநிலம் அபியா என்ற காரணத்தால் பதவிப் பிரமாணத்தின்போது தடுத்து நிறுத்தப்பட்டு, எதிர்ப்பு எழுந்த பின்னரே பதவியேற்க முடிந்தது. பூர்விகக் குடியினர், வந்தேறிகள் என்னும் இதே பிளவு ஜோஸ் நகரில் 2001இல் பேரளவிலான உயிர்ப்பலிக்கு வழிவகுத்ததை நாடு மறந்திருக்க இயலாது.

அமைச்சருக்கான தகுதியை ஆராய வேண்டிய செனட் அவையும் இதற்கு ஈடுசெய்வதில்லை. 2023இல் நியமனப் பட்டியல் துறைகள் குறிக்கப்படாமலேயே அங்குச் சென்றது. அவையின் முன்னாள் உறுப்பினர்களிடம், வணங்கிவிட்டுச் செல்லலாம் என்று கூறி, கேள்வியின்றி அனுப்பும் வழக்கமும் தொடர்ந்தது. எந்தத் துறை என்றே அறியாத அவை, அத்துறையில் ஒருவருக்குள்ள அறிவை எவ்வாறு சோதிக்கும்? உறுதியாகச் சரிபார்க்கப்படுவது வம்சாவளி மட்டுமே என்றாகிவிடுகிறது.

அரசமைப்பைத் திருத்தாமலேயே குடியரசுத் தலைவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 2023 ஆகஸ்ட் 21 அன்று அமைச்சர்களாகப் பதவியேற்றோர் 45 பேர். மாநிலத்திற்கு ஒருவர் என்ற கட்டாயம் 36 இடங்களோடு முடிந்துவிடுகிறது. எஞ்சிய இடங்களை அரசியல் மண்டலங்களுக்குப் பங்கிடுவது வழக்கமேயன்றிச் சட்டமன்று. சில மாநிலத்தவரோ சில இனத்தவரோ ஆதிக்கம் பெறலாகாது என்று கூறும் 14(3) பிரிவும், ஒருவரைப் பாட்டனின் ஊரைக்கொண்டே அடையாளங்காண வேண்டும் என்று கூறவில்லை. ஆகவே அடுத்த அமைச்சரவை மாற்றத்தின்போது, இக்கூடுதல் இடங்களில் சிலவேனும், தாம் பிறந்து வளர்ந்து உழைத்த மாநிலத்தில் அயலாராகவே எண்ணப்படுவோருக்கும், மணத்தால் மாநிலம் மாறிய பெண்களுக்கும், அவர்கள் வாழும் மாநிலத்தின் பெயராலேயே வழங்கப்பட வேண்டும். அவர்களுக்கு உரிய துறையும் குறிக்கப்பட்டே பட்டியல் செனட் அவைக்குச் செல்ல வேண்டும் என்று இம்மடல் தங்களைக் கேட்டுக்கொள்கிறது.